முப்பத்தாறு வயதில் பென்ஷன்

(வேலூரில் படைவீரர் குடும்பங்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



நான் பட்டாளத்தில் இருந்தவனில்லை. தொழிலாளர் விவகாரங்களை எழுதிப் பிழைக்கிறவன். வீரத்தைப் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தகுதி கிடையாது. மேடையில் அதைப் பேச ஆள் நிறையவே இருக்கிறார்கள். பென்ஷனில் வந்த மறுநாள் காலையில் தொடங்குகிற காலத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 19 வயதில் சிப்பாயாகச் சேர்ந்த பையன் 17 ஆண்டு சர்வீஸ் முடித்து வரும்போது அவனுக்கு வயது 36. ஹவில்தார், நாயப் சுபேதார் என்று ரேங்க் ஏறினால் இன்னும் சில ஆண்டு கூடும். அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் தமிழ்நாடு அரசு ஊழியனாக இருந்தால் 60 வயதுவரை வேலை பார்ப்பான். அப்படியானால் நம் ஆளுக்கு முன்னால் இன்னும் 24 ஆண்டு உழைப்புக் காலம் கிடக்கிறது. பட்டாளத்தில் இருந்த காலத்தைவிட அது நீளம். பனிமலையில் காவல் நிற்க இளம் உடம்பு வேண்டும் என்பதால் ராணுவம் ஆட்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறது. அதில் தப்பில்லை. முப்படைகளிலிருந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிற வயதில் வருகிறார்கள்.

இந்த 24 ஆண்டை எப்படி ஓட்டுவது? ஒரே மூச்சில் ஓட முடியாது. உடம்பும் குடும்பமும் தாங்குகிற வேகத்தில்தான் போக வேண்டும். அதற்கு உங்களிடம் ஒரு வசதி இருக்கிறது. வேறு எந்தத் தொழிலாளிக்கும் 36 வயதில் அது கிடைப்பதில்லை. பென்ஷனைத்தான் சொல்கிறேன். பென்ஷன் அரிசி பருப்புக்கான காசு மட்டுமில்லை. வருகிற முதல் வேலையை “வேண்டாம்” என்று சொல்லும் தைரியத்தையும் அது கொடுக்கிறது. அந்தத் தைரியத்தை நம்மவர்கள் பெரும்பாலும் முதல் ஓராண்டிலேயே விற்றுவிடுகிறார்கள். இன்றைக்கு என் புகார் முக்கியமாக இதுதான்.

எப்படி விற்கிறோம்? பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. அதிலும் பாதிவரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அப்படி விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டு கழித்துத்தான் திரும்பி வரும். இதோடு கிராஜுவிட்டி, பி.எஃப்., குரூப் இன்சூரன்ஸ் பணம் எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் கணக்கில் விழுகின்றன. ஊருக்கே தெரிந்துவிடும். மாடி கட்டச் சொல்வார் ஒருவர். தங்கை கல்யாணக் கடன் ஒன்று காத்திருக்கும். பங்காளி ஒருவர் பக்கத்து நிலம் விலைக்கு வருகிறது என்பார். சில ஆண்டுகளுக்கு முன் இந்த வட மாவட்டங்களில் மாதம் நூற்றுக்கு ஆறு, எட்டு வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் என்ன செய்தன என்பது இங்கே பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆறு மாதத்தில் மொத்தப் பணமும் போய்விடுகிறது. மாதப் பென்ஷனும் பாதியாகிவிடுகிறது. அப்புறம் கிடைத்த வேலையில் சேர்வதைத் தவிர வழி இருக்காது. வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது வேலை நிலைத்த பிறகு கட்டுங்கள். அதுவரை அந்தப் பணம் உங்கள் பேரில் தூங்கட்டும்.

கிடைத்த வேலை எது? எல்லோருக்கும் தெரியும். செக்யூரிட்டி.

அந்த வேலையை நான் இழிவாகப் பேசவில்லை. ஏடிஎம் வாசலில், அப்பார்ட்மென்ட் கேட்டில், மருத்துவமனையில் ஒரு மனிதர் விழித்திருப்பதால்தான் மற்றவர்கள் தூங்குகிறோம். ஆனால் அந்த வேலைக்கு நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மாநிலமே கொதித்தது. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றி அன்றோடு சரியாக 100 ஆண்டு. நல்லது. ஆனால் அந்த மசோதாவுக்கு எத்தனையோ ஆண்டு முன்பிருந்தே உங்கள் தெருமுனை வாட்ச்மேன் 12 மணி நேரம்தான் நிற்கிறார். மாற்று ஆள் வராத நாளில் 24 மணி நேரம். அவருக்காக எந்தக் கொடியும் ஏறவில்லை. எதிர்த்துக் கூட்டம் போட்ட பலருடைய வீட்டு கேட்டிலும் அதே 12 மணி நேரம்தான். கேட்டால் “அவர் மிலிட்டரிக்காரர், தாங்குவார்” என்பார்கள்.

தாங்குவார்தான். எத்தனை ஆண்டு தாங்குவார்? கார்கில் பக்கமோ ராஜஸ்தான் மணலிலோ தேய்ந்த முட்டி, பீரங்கிப் படையில் இருந்தவருக்கு மந்தமான காது, ஆண்டுக்கணக்கில் துண்டுதுண்டாகிப்போன தூக்கம். இவற்றோடு வருகிற ஆளை மறுபடி இரவு ஷிஃப்ட்டில் நிறுத்துகிறோம். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைக்குள் இருக்கும் பெண்களுக்கு அதனால் ஸ்டூல் வந்ததோ இல்லையோ, வாசலில் மீசையை முறுக்கிவிட்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கும் முன்னாள் ஹவில்தாருக்கு வந்ததாகத் தெரியவில்லை. எல்லையில் நாட்டுக்கு அடித்த சல்யூட்டைப் பட்டுப்புடவை வாங்க வருகிறவர்களுக்கு அடிக்கச் சொல்வது என்ன ரசனை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அதை விட்டுவிடுகிறேன்.

செக்யூரிட்டி வேலைதான் என்று முடிவு செய்தால், பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககத்தில் பதிவு பெற்ற ஏஜென்சிகள் வழியாகவோ, 1986 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகவோ போங்கள். மூன்றாவது ஆளிடம் போகாதீர்கள். எத்தனை மணி நேர ஷிஃப்ட், வார விடுமுறை உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்பதை முதல் நாளே கேளுங்கள். பென்ஷன் கையில் இருக்கிறவர் இதைக் கேட்காவிட்டால், பென்ஷன் இல்லாமல் அதே வேலைக்கு வரும் வடமாநிலப் பையன் எப்படிக் கேட்பான்?

செக்யூரிட்டியைத் தாண்டி உங்களுக்கு என்ன தெரியும்? இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் ஒரே பதில்: “பட்டாளத்துல என்னங்க, சொன்ன வேலைய செஞ்சோம்.”

அந்தச் ‘சொன்ன வேலை’ எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2024 ஜூலை கடைசியில் வயநாட்டில் நிலம் சரிந்தது. சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலம் போய்விட்டது. பெங்களூரில் தலைமையிடம் கொண்ட ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்கள், நம்மூரில் ‘தம்பிகள்’ என்று பேர் வாங்கியவர்கள், போனார்கள். கொட்டும் மழையில், ஆற்று வெள்ளத்துக்கு மேலே, 190 அடி நீள பெய்லி பாலத்தை இரவு பகலாகக் கட்டி ஆகஸ்ட் 1 மாலைக்குள் வண்டி ஓட விட்டார்கள். அந்த வேலையில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கரையின் உறுதியைக் கணிக்க வேண்டும். குறுகிய மலைப்பாதையில் பாகங்கள் எந்த வரிசையில் வந்து சேர வேண்டும் என்று திட்டமிட வேண்டும். கனமான இரும்புச் சட்டங்களை யாருக்கும் அடிபடாமல் தூக்கிப் பூட்ட வேண்டும். தூக்கமில்லாத ஆட்களை முறை வைத்து மாற்ற வேண்டும். எந்தக் கட்டுமான நிறுவனத்திலும் இதற்குத் தனித்தனி அதிகாரி வைத்திருப்பார்கள். அந்தப் படைப்பிரிவிலிருந்து பென்ஷனில் வரும் ஒருவர் தன் பயோடேட்டாவில் என்ன எழுதுகிறார் தெரியுமா? “ஒழுக்கம், நேரந்தவறாமை, தேசப்பற்று.”

அதைப் படித்தால் எச்.ஆர். அதிகாரி மரியாதையோடு வணங்குவார். ஆனால் எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று அவருக்குத் தெரியாது. ராணுவ வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.யில் இருந்தவரா? எந்தெந்த வண்டி, எந்தெந்த ஜெனரேட்டர், ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்குக் கீழே எத்தனை பேர், உதிரி பாகக் கணக்கை யார் வைத்திருந்தார், இதை எழுதுங்கள். ஸ்டோரில் இருந்தவர் என்றால் எத்தனை வகைப் பொருள், ஆடிட்டில் என்ன குறிப்பு வந்தது என்று எழுதுங்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு அந்த மொழி புரியும். ராணுவ டிரேடுகளைச் சிவில் தொழில்களோடு ஒப்பிட்டுக் காட்டும் பட்டியலை மறுவாழ்வு இயக்ககமே வெளியிட்டிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சில தொழில்களுக்கு வெளியே தனியாகப் பதிவோ உரிமமோ கேட்பார்கள். நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும், டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டினால் போதும் என்று நம்பியிருக்கக் கூடாது. மறுவாழ்வுப் பயிற்சிகள் சர்வீஸின் கடைசிக் காலத்திலேயே கிடைக்கின்றன. சிப்பாய்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் அதில் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சியைப் பலர் வீட்டுக்குப் பக்கத்தில் சில மாதம் இருந்துவிட்டு வருவதற்கான வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஊரைப் பார்த்துக் கோர்ஸ் எடுக்காதீர்கள். தொழிலைப் பார்த்து எடுங்கள்.

நம் ஊரிலேயே ஒரு உதாரணம். பாலாறு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். அதன் தலைப்பில் வேலூர் என்ற பேர் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவை ராப்பகலாக ஓட வேண்டும். பம்ப் நின்றால் உடனே தெரிய வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது ரெஜிஸ்டரில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். யாரும் பார்க்காத இரவு 2 மணிக்குக் கழிவைத் திறந்துவிடச் சொன்னால் “முடியாது” என்று சொல்லத் துணிவு வேண்டும். இந்த வேலைக்கு சாப்பர், இ.எம்.இ. ஆட்களைவிடப் பொருத்தமானவர்களை எங்கே தேடுவது? ஒரு சான்றிதழ்ப் படிப்பும் கொஞ்சம் வேதியியலும் சேர்ந்தால் போதும்.

முன்னாள் வீரர்களைச் சுற்றுச்சூழல் வேலையில் இறக்குவதை வடக்கே அரசே ஒரு வடிவத்தில் செய்து பார்த்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் தோண்டித் தோண்டி முசூரி மலைகள் மொட்டையாகிப் போயிருந்தன. 1982 டிசம்பரில் கார்வால் பகுதியின் முன்னாள் வீரர்களையே சேர்த்து, பிரதேச ராணுவத்தின்கீழ் ஒரு சுற்றுச்சூழல் பட்டாலியனை அமைத்தார்கள். மலையை அறிந்தவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், தம் ஊர்ப் பக்கமே வேலை. அந்தச் சரிவுகளில் மறுபடி மரம் வந்தது. அதன் பிறகு ராஜஸ்தான் கால்வாய்க் கரை, குமாவோன், அசாம் என்று அந்த ஏற்பாடு பரவியது. ஜவ்வாது மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

அரசு வேலைக்கு வருகிறேன். இதில் பேச்சு குறைவாகப் போதும், விவரம் சரியாக இருக்க வேண்டும். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் அதே நிலையில் 14.5 சதவீதம். வயதைக் கணக்கிடும்போது உங்கள் சர்வீஸ் ஆண்டுகளைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவது உச்ச வரம்பை 3 ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். பத்தாம் வகுப்பு படித்து 15 ஆண்டு சர்வீஸ் முடித்தவர், பட்டம் கேட்கிற குரூப் சி பணிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். இத்தனை இருந்தும் இடங்கள் நிரம்பாமல் போவது நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்ட விஷயம். காரணம் எளிது. 17 ஆண்டாகக் கணக்கையும் ஆங்கில இலக்கணத்தையும் தொடாதவர் 22 வயதுப் பையன்களோடு தேர்வு எழுதுகிறார். அதற்கு ஓராண்டுப் படிப்பு வேண்டும். அந்த ஓராண்டுக்குச் சோறு போடத்தான் பென்ஷன். 12 மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து யாரும் படிக்க முடியாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். இந்தச் சலுகையில் மத்திய அரசின் சிவில் பணி ஒன்றில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு ‘முன்னாள் படைவீரர்’ என்ற சலுகையைப் பொதுவாகக் கேட்க முடியாது. சேர்வதற்கு முன்பே வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனேயே அந்த விவரத்தைத் தேதியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது அவற்றுக்கு மட்டும் சலுகை நிற்கும். தனியாரிடமோ தற்காலிக ஒப்பந்தத்திலோ வேலை பார்ப்பதால் சலுகை போய்விடாது. இந்த ஒரு தாளை எழுதிக் கொடுக்காததால் கடைநிலைப் பணியிலேயே நின்றுபோனவர்கள் உண்டு.

சொந்தத் தொழில் என்றதும் எல்லோரும் ‘சூரரைப் போற்று’ என்கிறீர்கள். அந்தப் படத்துக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத் 1971 போரில் இருந்தவர். எட்டாண்டு சர்வீஸோடு, முழுப் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர். கர்நாடகத்தில் கோரூர்க்காரர். அணையில் மூழ்கிய குடும்ப நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த கரட்டு நிலத்தில் கூடாரம் போட்டு விவசாயம் ஆரம்பித்தார். தென்னை, மாடு, பட்டுப்புழு, பைக் முகவாண்மை, சிற்றுண்டிக் கடை என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். இயற்கையைக் கெடுக்காத பட்டு வளர்ப்புக்காக 1996-இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அடுத்த ஆண்டு ஹெலிகாப்டர் நிறுவனம். ஏர் டெக்கான் பறந்தது 2003-இல். பட்டாளத்தை விட்டதற்கும் விமானத்துக்கும் நடுவே இருபது ஆண்டுக்கு மேல். சினிமா அதை எல்லாம் காட்டிக்கொண்டிருக்க முடியாது. நமக்கு வேண்டியது அந்த இருபது ஆண்டுதான். ஒன்று சரிப்படாவிட்டால் அடுத்ததற்கு மாறும் அளவுக்குச் சின்னதாக அவர் தொடங்கினார். மொத்தப் பணத்தையும் ஒரே லாரியிலோ ஒரே ஏஜென்சியிலோ போடுகிறவருக்கு அந்த வாய்ப்புக் கிடையாது.

இதுவரை ஆண்களோடுதான் பேசினேன். இனி அவர்களின் மனைவிமாரோடு.

ஒரு சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. அதாவது 17 ஆண்டு சர்வீஸில், குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்த சில ஆண்டுகளைத் தவிர, வீட்டை நடத்தியது நீங்கள். வங்கி, ரேஷன், பிள்ளைகள் படிப்பு, மாமியார் வைத்தியம், நிலத்துத் தகராறு எல்லாம் நீங்கள். அவர் வரும்போது அந்த வீட்டில் எல்லாம் ஒரு ஒழுங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் தன் ஒழுங்கைக் கொண்டுவருகிறார். காலை 5 மணிக்கு எல்லோரும் எழ வேண்டும், செருப்பு வரிசையாக இருக்க வேண்டும். பிள்ளை எதிர்த்துப் பேசுகிறது. பகல் முழுக்க வீட்டில் இருக்கப் பிடிக்காமல், சம்பளத்தைக்கூடப் பார்க்காமல், எதிலாவது சேர்ந்துவிடுகிறார். சிலருக்குக் கேன்டீன் சரக்கு மாலை 4 மணிக்கே திறக்கிறது. நான் மிகைப்படுத்தவில்லை என்பது நீங்கள் சிரிப்பதிலேயே தெரிகிறது.

அதனால் இரண்டாவது வேலையைப் பற்றிய முடிவு அவர் தனியாக எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது. பணக் கணக்கு இத்தனை ஆண்டு உங்கள் கையில்தான் இருந்தது. பென்ஷனும் உங்கள் வருமானமும் சேர்ந்தால் எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்று சொல்லக்கூடியவர் நீங்கள். தையலோ, பால் பண்ணையோ, ஆசிரியர் வேலையோ உங்களுக்கு இருந்தால் அவர் வந்தவுடன் அதை விட்டுவிடாதீர்கள். அவர் ஓராண்டு படிக்க அதுதான் பிடிமானம். அவருடைய உடம்பையும் கவனியுங்கள். இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இருப்பது ஆபரேஷனுக்கு மட்டுமில்லை. தூக்கம் வராததற்கும், காரணமில்லாத கோபத்துக்கும் டாக்டரைப் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக அக்னிவீரர்கள். 2022 ஜூனில் அறிவித்த நான்காண்டுப் பணித் திட்டம். அந்த ஆண்டுக் கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 கடைசியிலிருந்து நான்கு ஆண்டு முடிகிறது. நூற்றுக்கு 25 பேர்வரை படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் கிடையாது. நான் இவ்வளவு நேரம் சொன்னதில் பாதி அவர்களுக்குப் பொருந்தாது. காத்திருக்கும் தைரியத்தை அவர்கள் அந்த ஒரு தொகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் வயது 22, 23. படிக்கிற வயது. மத்தியக் காவல் படைகளில் ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். அதில் இடம் கிடைக்காதவன் ஊருக்கு வந்ததும் பெரிய பைக் வாங்கி, மிச்சத்தை வட்டிக்கு விட்டு, ஆறாவது மாதம் ஏதோ ஒரு கேட்டில் விசிலோடு நின்றால், அவனிடம் யாரும் பேசவில்லை என்றுதான் அர்த்தம். அவன் வீட்டுக்கு முதலில் போகக்கூடியவர்கள் நீங்கள். பட்டாளத்தையும் தெரிந்தவர்கள், அதன் பிறகு வந்த ஆண்டுகளையும் தெரிந்தவர்கள் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்விகளுக்கு அரை மணி நேரம் வைத்திருக்கிறார்கள். மைக்கை முதலில் அம்மாமார்கள் பக்கம் கொடுங்கள். சுபேதார் அய்யாக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.